ஊர்க்காசும் ஊர்ச்சுகமும்

ஊர்ச்சனங்கள் தாமே காசு சேர்த்து, தாமே தீர்மானித்துச் செலவழித்தால் அவர்களின் உடல்நலத்தில் மாற்றம் வருமா? தீவகத்திலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களோடு பேசும்போதெல்லாம் இக்கேள்வி எமக்கு எழுகின்றது.

பதிலுக்குத் தூரம் போகத் தேவையில்லை. காரைநகருக்குச் செல்லும் பொன்னாலைப் பாலத்துக்கு இப்பால், மூளாயில் கூட்டுறவு வைத்தியசாலை உண்டு. 1930களில் ஊரவர் சங்கமாகச் சேர்ந்து பங்குப்பணம் போட்டு உருவாக்கியது. போர்க்காலத்தையும் கடந்து நிற்கின்றது.

தீவுகளில் தூரமே பாதி நோய். நெடுந்தீவில் நடுச்சாமம் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் குறிகட்டுவான் வரை கடல். அதன்பின் யாழ்ப்பாணம் வரை தரை. கையில் காசில்லாத வீட்டில் "விடியட்டும் பாப்பம்" என்பார்கள். மாதாமாதம் சிறுதொகை போட்டுவரும் சங்கம் இருந்தால் படகுக்காரரை எழுப்ப யோசிக்க வேண்டியதில்லை.

தண்ணீரையும் பாருங்கள். சுண்ணக்கல்லின் கீழே உவர்நீருக்கு மேல் மெல்லிய படையாகவே நன்னீர் கிடக்கின்றது. ஒருவர் மோட்டர் போட்டு மிஞ்சி இறைத்தால் அயல்வீட்டுக் கிணறும் உவர்க்கும். 1990, 1991இல் விட்டுவந்த கிணறுகளைத் தூர்வாரி, கட்டுத் திருத்தி, குளோரின் இடுவது ஒரு வீட்டுக் காசால் ஆகிற காரியமுமல்ல. எவ்வளவு இறைப்பது என்ற கட்டுப்பாட்டையும் ஊர்தான் போடவேண்டும்.

கடன் கவலையும் நோய்தான். வாராவாரம் வாசலில் வந்து நிற்கும் நுண்கடன்காரருக்குப் பயந்து உறக்கமும் உணவும் இழந்த பெண்கள் எத்தனை பேர்! வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை 2018இல் அரசே தள்ளுபடி செய்யும் நிலை வந்தது. சொந்தச் சங்கத்தில் வட்டி ஊருக்குள்ளேயே சுற்றும். தவணை தவறினால் காரணம் கேட்க ஆளிருக்கும்.

இங்கிலாந்தில் 150 இடங்களுக்கு, இடத்துக்குப் பத்து இலட்சம் பவுணுக்குக் குறையாமல் லொத்தர் நிதி கொடுத்துச் செலவை அங்குள்ளவர்களே தீர்மானிக்க விட்டார்கள். ஆராய்ந்தவர்கள் இரண்டையும் கண்டார்கள்: பங்குபற்றியவர்களில் பலருக்கு மனத்தெம்பு கூடியது, கூட்டங்களின் இழுபறியால் சிலர் களைத்துப் போனார்கள். எமது சங்கங்களிலும் இதேதான். எல்லாச் சுமையையும் பொருளாளர் தலையில் வைத்துவிட்டு, பின் அவரையே சந்தேகிக்கிறோம். கணக்கை மாதமொருமுறை எல்லோர் முன்னும் வாசியுங்கள். பதவிகளை ஆண்டுக்கொருமுறை மாற்றுங்கள்.

சிதறி வாழ்வோரும் தொடங்கலாம். பத்து வீடுகள், பிடியரிசி போதும். ஆனால் வைத்தியச் செலவுக்கென ஒதுக்கியதைக் கலியாணத்துக்கோ திருவிழாவுக்கோ தொடுவதில்லை என்று முதற் கூட்டக் குறிப்பிலேயே எழுதி, எல்லோரும் கையொப்பமிடுங்கள்.