ஒத்தடம்: வெந்நீரா, பனிக்கட்டியா?

நாள் முழுவதும் குனிந்து நாற்று நட்டவருக்கும், மூட்டை சுமந்தவருக்கும், தையல் இயந்திரத்தின் முன் நெடுநேரம் அமர்ந்திருந்தவருக்கும் அந்தியில் வந்து சேரும் உடல்வலிக்கு, உப்பையோ தவிட்டையோ வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பது தொன்றுதொட்டு வரும் வழக்கம். வெந்நீர்ப் பையும் பனிக்கட்டியும் மின்சாரச் சூட்டுப் பட்டையும் இன்று அதனோடு சேர்ந்துகொண்டன. ஆயினும், எவ்வலிக்கு எது உசிதம் என்னும் விவேகம் சாதனங்களோடு சேர்ந்து பெருகியதாகத் தோன்றவில்லை.

குளிர்ச்சி இரத்தக் குழாய்களைச் சுருக்கி நரம்பின் உணர்ச்சியை மந்தப்படுத்துவதால், புதிதாகச் சுளுக்கியோ அடிபட்டோ வீங்கிய இடத்திற்கு முதல் இரண்டு நாட்கள் அதுவே ஏற்றது. காயத்திற்கு ஓய்வும் பனிக்கட்டியும் இறுக்கிய கட்டும் உயர்த்தி வைத்தலும் வேண்டும் என்று 1978-இல் எழுதிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே, பனிக்கட்டி குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று பிற்காலத்தில் தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். ஆகையால் அதை வலி தணிக்கும் உபாயமாக மட்டும் கொண்டு அளவோடு பயன்படுத்துவதே நலம். வெப்பமோ குழாய்களை விரித்து இறுகிய தசையை இளகச் செய்வதால், வீக்கமில்லாத நாட்பட்ட முதுகுவலிக்கும் கழுத்துப் பிடிப்புக்கும் உகந்தது. பழக்கமில்லாத உழைப்பால் ஓரிரு நாள் கழித்து உச்சமடையும் வலிக்கு இரண்டில் எது இதமளிக்கிறதோ அதுவே போதும். அது சில நாட்களில் தானாகவே தணிந்துவிடும்.

எதுவாயினும் துணியில் சுற்றி, ஒரு வேளைக்கு 15 முதல் 20 நிமிடங்களுக்கு மேற்படாமல் வைக்க வேண்டும். வெந்நீர்ப் பையில் கொதிநீர் ஊற்றுவதும், அதன்மேல் படுத்துறங்குவதும், வலி தைலம் தடவிய இடத்தில் சூடு வைப்பதும் தீக்காயத்திற்கு வழிவகுக்கும். நீரிழிவினால் பாதத்தில் உணர்ச்சி குன்றியவர்களுக்குத் தோல் வெந்தாலும் தெரியாதாகையால், மருத்துவரைக் கேளாமல் அவர்களுக்கு எந்த ஒத்தடமும் கூடாது. தோல் சுட்டுவிட்டால், ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடங்கள் காட்ட வேண்டுமேயன்றி, பற்பசையும் மையும் பனிக்கட்டியும் வைத்தல் ஆகாது.

ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கிச் சூடாக இருப்பது இரத்தம் உறைந்ததன் அறிகுறியாகலாம். அதைத் தேய்த்துவிடக் கூடாது. மார்பில் எழுந்து இடத்தோளுக்குப் பரவும் வலியும், கடுமையான உழைப்பிற்குப் பின் சிறுநீர் கருத்துப் போதலும் ஒத்தடத்தால் தீர்வன அல்ல. இவற்றில் எது தோன்றினும் தாமதமின்றி மருத்துவமனை செல்வதே கடமை.

வாங்கிய பை வெடித்தோ, சூட்டுப் பட்டை பழுதுபட்டோ உடல் வெந்தால், அதை விதியென்று பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, குறைபாடுள்ள பொருளால் விளைந்த தீங்கிற்கு உற்பத்தியாளரிடம் நஷ்டஈடு கோரும் உரிமையை நமக்கு அளித்திருக்கிறது. விலை 5 லட்சம் ரூபாய்க்கு மிகாத பொருளைக் குறித்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடக் கட்டணமில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 வழிகாட்டும். ஆகவே வாசகர்கள் ரசீதையும், பழுதான பொருளையும், மருத்துவச் சான்றையும் பத்திரமாக வைத்துக்கொள்வார்களாக.