மாப்பிள்ளை போன வீடும் அஸ்வெசும விண்ணப்பமும்

கிழக்கில் கல்யாணம் முடிந்து பெண் புகுந்த வீடு போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். அக்கரைப்பற்று, நிந்தவூர், சம்மாந்துறை, கல்முனை என்று அம்பாறைக் கரை முழுக்க இதுதான் வழக்கம். வாப்பாவும் உம்மாவும் கடன்பட்டாவது ஒரு வீட்டைக் கட்டி, வளவோடு மகளின் பேருக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். அதனால் குடும்பம் முறிந்தால் வெளியேறுவதும் மாப்பிள்ளைதான். தன் உம்மா வீட்டுக்குப் போவார், ராத்தா வீட்டுக்குப் போவார், சில வேளை கத்தாருக்கே போய்விடுவார். பெண்ணும் பிள்ளைகளும் அதே வளவில் இருப்பார்கள்.

பெண்ணுக்கு இது நல்ல பாதுகாப்பு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். பாதுகாப்புத்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் பெண் நடக்க முடியாதவளாகவோ பார்வை குன்றியவளாகவோ இருந்து, அரசாங்க உதவி கேட்டு ஒரு படிவத்தை நிரப்பத் தொடங்கினால், அதே வழக்கம் அவளுக்கு முட்டுக்கட்டை ஆகிறது.

சாகாமத்தில் ஒரு ராத்தா என்று வைத்துக்கொள்வோம். ஒரு கால் இயங்காது, கையில் ஊன்றுகோல். பிள்ளைகள் இரண்டு பேர். மாப்பிள்ளை போய் ஒன்றரை வருசம். தலாக்கும் இல்லை, பஸ்ஹும் இல்லை, செலவுக்குக் காசும் இல்லை. விண்ணப்பத்தோடு போனால் கேள்வி இப்படி வரும்: "வூடு உங்கட பேர்லதானே? மாப்புள இருக்காருதானே?" இரண்டுக்கும் ஓம் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த இரண்டு ஓமும் சேர்ந்து, வீடும் உழைப்பாளியும் உள்ள குடும்பம் என்று கடதாசியில் ஏறிவிடுகிறது. அவர் வெளிநாட்டில் இருந்தால் இன்னும் மோசம். சதம் வராத வீடு வெளிநாட்டுக் காசு வரும் வீடாகத் தெரியும்.

சமுர்த்திக் காலத்தில் ஊர் உத்தியோகத்தருக்கு ஆளைத் தெரியும். அதில் பக்கச்சார்பும் இருந்தது, இரக்கமும் இருந்தது. 2023 யூலையில் தொடங்கிய அஸ்வெசும வேறு மாதிரி. 2002 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ், 22 குறிகாட்டிகளை வைத்துப் புள்ளி போட்டு ஆளைத் தெரிகிறார்கள். வீடு, காணி, வாகனம், மின்சாரப் பாவனை, நாட்பட்ட நோய், உடல் இயலாமை, குடும்ப அமைப்பு எல்லாம் அதில் வரும். கணினிக்கு ஆளைத் தெரியாது, பதிந்ததுதான் தெரியும். மாப்பிள்ளையின் பேர் பதிவில் இருக்கும்வரை அவர் போன கதை அதற்கு எட்டாது.

இரண்டு விதமான காசு இருக்கிறது என்பதை முதலில் பிரித்து விளங்கிக்கொள்ள வேண்டும். நம் ஆட்களில் பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று குடும்பத்துக்கான கொடுப்பனவு. மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபாயாகவும் வறிய குடும்பத்துக்கு 8,500 ரூபாயாகவும் தொடங்கியது. 2025 இல் 17,500, 10,000 என உயர்ந்தது. மற்றது இயலாமையுள்ள ஆளுக்கான கொடுப்பனவு. அது 5,000 ஆக இருந்து 2024 இல் 7,500 ஆகி, 2025 இல் 10,000 ரூபாய் ஆனது. முதலாவது வீட்டைப் பார்த்துத் தருவது. இரண்டாவது ஆளின் இயலாமைக்காகத் தருவது. குடும்பக் கொடுப்பனவு கிடைக்கவில்லை என்பதற்காக இயலாமைக் கொடுப்பனவைக் கேட்காமல் விடக்கூடாது. அதற்குப் பார்க்க வேண்டியவர் பிரதேச செயலகத்தில் உள்ள சமூக சேவை உத்தியோகத்தர். அரச வைத்தியரின் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும்.

இனி வீட்டுக் கணக்குக்கு வருவோம். குடும்பத் தலைவர் என்றால் ஆண் என்று அரசாங்கம் எடுத்துக்கொண்டதால் நம் கரைக்கு வந்த சங்கடம் இது முதல் தடவை அல்ல. 2004 சுனாமிக்குப் பிறகு வீடு கட்டிக் கொடுத்த காலத்தை நினைத்துப் பாருங்கள். உம்மா வழியாக வந்த வளவை இழந்த பெண்களுக்குப் பதிலாக, அவர்களுடைய கணவன்மாரின் பேரில் வீட்டுப் பத்திரங்கள் எழுதப்பட்டன. ஆய்வாளர்களும் பெண்கள் அமைப்புகளும் அதை அப்போதே எழுதினார்கள். நம் பள்ளிவாசல் நிர்வாகங்களில் அதைப் பற்றி எவ்வளவு பேசினோம் என்று கேட்டால், பதில் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆகவே அந்த ராத்தா செய்ய வேண்டிய முதல் வேலை, தான் பிள்ளைகளோடு தனிக் குடும்பமாக இருக்கிறேன் என்பதைப் பதிவில் ஏற்றுவது. அதற்கு விவாகரத்து முடிந்திருக்க வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. சனத்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டலகு என்று பார்ப்பது ஒன்றாய் இருந்து ஒன்றாய்ச் சமைத்துச் சாப்பிடுகிறவர்களை. நிக்காஹ் பதிவை அல்ல. மாப்பிள்ளை எப்போது போனார், எங்கே இருக்கிறார், காசு அனுப்புகிறாரா என்பதைத் திகதியோடு எழுதி, கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலகத்துக்கும் கொடுக்க வேண்டும். வாயால் சொன்னது ஜி.எஸ். மாறினால் மறைந்துபோகும். பிரதி ஒன்றில் கையொப்பமும் திகதியும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. வாக்காளர் இடாப்பில் அவர் பேர் இன்னும் அதே வீட்டில் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். பள்ளிவாசல் நிர்வாகத்தின் கடிதம் ஒன்று கூட இருந்தால் கை கொடுக்கும். காதியாரிடம் தாபரிப்பு வழக்குப் போட்டிருந்தால் அந்த வழக்கின் கடதாசி அதைவிடப் பலம்.

காசு விண்ணப்பதாரரின் வங்கிக் கணக்குக்குத்தான் போகிறது. பழைய விண்ணப்பம் மாப்பிள்ளையின் பேரில் போயிருந்தால், பெண்ணின் இயலாமையைக் காட்டி வாங்கிய காசே அவர் கைக்குப் போகும். இதை நானா தம்பிமாரிடம் சொல்லி அழுது பிரயோசனமில்லை. செயலகத்தில் எழுத்தில் முறையிட வேண்டும். பேர்ப் பட்டியல் வெளியாகும்போது மேன்முறையீட்டுக்கும் ஆட்சேபனைக்கும் கால எல்லை கொடுப்பார்கள். அது குறுகிய காலம்.

காதியாரிடம் போவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "தாபரிப்புக் கேட்டா அவர் தலாக் சொல்லிருவாரு" என்ற பயத்தில் வருசக் கணக்காக வாய் மூடி இருப்பவர்கள் அதிகம். 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி, நிக்காஹ் நிலைத்திருக்கும்போதே மனைவி தனக்கும் பிள்ளைகளுக்கும் தாபரிப்புக் கேட்கலாம். அங்கே சட்டத்தரணி ஆஜராக முடியாது. பெண் தானே பேச வேண்டும். காதியார் போட்ட கட்டளைக்கு மாப்பிள்ளை பணம் கட்டாவிட்டால், நீதவான் நீதிமன்றத்தின் மூலம் தண்டப்பணம் அறவிடுவது போல அறவிடலாம். செலவு கொடுக்காததைக் காட்டி பஸ்ஹ் கேட்கவும் வழி இருக்கிறது.

ஷாபிஈ மத்ஹபில் ஒரு நுணுக்கம் உண்டு. மனைவிக்குக் கொடுக்காமல் விட்ட நபகா கணவன் மீது கடனாக நிற்கும். அவள் வசதியானவளாக இருந்தாலும் அது அவளுடைய உரிமை. எனவே அரசாங்கம் 10,000 ரூபாய் தருகிறது என்பதைக் காட்டி மாப்பிள்ளை தன் பொறுப்பைக் குறைக்க இடமில்லை. பிள்ளைகளின் நபகா அப்படியல்ல. காழியின் தலையீடு இல்லாமல் கடந்துபோன காலத்துக்கு அது கடனாக நிற்பதில்லை. அதனால்தான் பிள்ளைகளுக்காக முறையிடுவதைத் தள்ளிப் போடக்கூடாது என்கிறேன். விவாகரத்து ஆகிவிட்டால் அவளுடைய நபகா இத்தாவோடு நின்றுவிடும், பிள்ளைகளுடையது தொடரும். உழைக்க இயலாத, கையில் ஒன்றும் இல்லாத மகளின் செலவு, வசதியுள்ள வாப்பாவின் மீது வருகிறது. உழைக்கும் பிள்ளைகள் இருந்தால் உம்மாவின் செலவு அவர்கள் மீது வரும். கிதாபுகளில் இது தெளிவாக இருக்கிறது. ஊரில் மட்டும் "பாவம், தம்பி பாக்கிறான்" என்று தருமமாகப் பேசுகிறோம்.

கேட்பது மானக்கேடு என்று நினைக்கும் குடும்பங்களும் உண்டு. அபூ ஸுப்யான் போதிய செலவு தருவதில்லை என்று ஹிந்த் (ரழி) நபியவர்களிடமே வந்து முறையிட்டதையும், தனக்கும் பிள்ளைக்கும் போதுமானதை நியாயமான அளவில் எடுத்துக்கொள்ள அவர்கள் அனுமதித்ததையும் புகாரியிலும் முஸ்லிமிலும் காணலாம். அந்த அம்மையார் ஒரு குறைஷித் தலைவரின் மனைவி. குடும்ப மானம் என்று மூடி வைக்கவில்லை.

கடைசியாக ஒரு பயம். உதவி கேட்டுத் தன் இயலாமையைக் கடதாசியில் எழுதிக் கொடுத்தால், "இவளால பிள்ள வளக்க ஏலா" என்று அதையே பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டார் பிள்ளைகளைக் கேட்பார்களோ என்பது. இந்தப் பயத்தில் வைத்தியச் சான்றிதழே எடுக்காமல் இருப்பவர்கள் உண்டு. பிள்ளைகளின் பராமரிப்பு யாருக்கு என்று தீர்ப்பது காதியாரின் அதிகாரத்தில் இல்லை. அது மாவட்ட நீதிமன்றத்தின் வேலை. அங்கே முதலில் பார்ப்பது பிள்ளையின் நலனை. இலங்கை 2016 இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தின் 23 ஆவது உறுப்புரை, பெற்றோரின் இயலாமையைக் காரணமாக வைத்துப் பிள்ளையைப் பிரிக்கக்கூடாது என்கிறது. பிள்ளை பாடசாலைக்கு ஒழுங்காகப் போகிறது, தடுப்பூசி போட்டிருக்கிறது, வீட்டில் உம்மம்மாவோ சாச்சியோ துணைக்கு இருக்கிறார் என்று காட்ட முடிந்தால் நல்லது. கிளினிக் அட்டையும் பாடசாலை அறிக்கையும் அந்தச் சான்றிதழோடு ஒரே கோப்பில் இருக்கட்டும்.