கப்பலை வாங்கினால் மட்டும் போதுமா?

பழைமையைக் காப்பது பற்றிப் பாடம் நடத்தும்போது 'எஸ்.எஸ். யுனைடெட் ஸ்டேட்ஸ்' கப்பலின் கதையைச் சொல்லிப் பாருங்களேன்.

1952-இல் தன் முதல் பயணத்திலேயே இந்த அமெரிக்கக் கப்பல் அட்லாண்டிக் பெருங்கடலை 3 நாள், 10 மணி, 40 நிமிடத்தில் கடந்து சாதனை படைத்தது. அப்புறம் பயணிகள் விமானத்துக்கு மாறிட்டாங்க. 1969-இல் சேவை நின்றது. 1996 முதல் பிலடெல்பியாவில் பெயிண்ட் உரிந்து நின்றது.

2011-இல் ஒரு பாதுகாப்பு அமைப்பு நன்கொடையில் கப்பலை வாங்கியது. சிக்கலே அதற்குப் பிறகுதான்! சுமார் 990 அடி நீளக் கப்பலை நிறுத்தி வைக்கவே வாடகை, காப்புறுதி, பராமரிப்பு என்று மாதாமாதம் செலவு. வாடகைத் தகராறு நீதிமன்றம் போனது. 2024-இல் இடத்தைக் காலி செய்யும்படி உத்தரவு வந்தது. மீன்கள் வாழும் செயற்கைப் பாறையாகக் கடலில் மூழ்கடிக்க, புளோரிடாவின் ஒக்கலூசா மாவட்டம் கப்பலை வாங்கியது. புகைபோக்கி முதலிய பாகங்களைக் கொண்டு கரையில் அருங்காட்சியகம் அமைக்கவும் திட்டம் உண்டு.

ஆக, ஆதரவு என்பது ஒருநாள் நன்கொடை இல்லீங்க; தொடர்ந்து தாங்குவது.

வகுப்பில் கேளுங்கள்: மூழ்கடிப்பதும் ஒருவகைப் பாதுகாப்பா? நம் பள்ளியின் பழைய பொருள் ஒன்றைக் காக்க, ஒவ்வொரு மாதமும் யார், என்ன செய்ய வேண்டும்?