அரிசிக்கு எதற்கு ‘குளூட்டன் ஃப்ரீ’ முத்திரை?

புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கிய ஊர் பாகூர். அங்கேயும் வில்லியனூரிலும் இன்று கடைக்கு வரும் அரிசி மாவு, கேழ்வரகு மாவுப் பாக்கெட்டுகளில் ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறார்கள். கோதுமை, பார்லி, ரை தானியங்களில் உள்ள புரதம்தான் குளூட்டன். பரோட்டா மாவு அறுந்துபோகாமல் நீள்வது அதனால்தான். அரிசியிலும் கேழ்வரகிலும் கம்பிலும் அது இயல்பாகவே கிடையாது. இல்லாத ஒன்றை நீக்கியதுபோலக் காட்டி விற்பது வியாபார சாமர்த்தியம், அவ்வளவே.

யாருக்கு ஆகாது?

சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு. குளூட்டன் உள்ளே போனால், அவர்களின் நோய் எதிர்ப்பு சக்தியே சிறுகுடலின் உட்சுவரைச் சிதைக்கும். நாள்பட்ட வயிற்றுப்போக்கு, தீராத இரத்தசோகை, வளராத குழந்தை என்று அது பல விதமாக வெளிப்படும். 2016இல் வெளியான ஓர் ஆய்வின்படி வட இந்தியாவில் ஆயிரம் பேரில் சுமார் 12 பேருக்கு, இந்நோயைச் சுட்டும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருந்தது. தெற்கே, வேலூர் வட்டாரத்தில், ஒருவருக்குத்தான். இத்தனைக்கும் நோய்க்கு இடம்தரும் மரபணு இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு. வேறுபாடு தட்டில் இருந்தது: அங்கே நாளுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை, இங்கே 25 கிராம். சர்க்கரைக்காரர்கள் வீட்டில் இரவுச் சாப்பாடே சப்பாத்தி என்றாகிவிட்ட இந்நாளில், நம் கணக்கு இப்படியே நிற்கும் என்று நான் நினைக்கவில்லை.

முத்திரையை நம்பலாமா?

கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. விதி சரிதான். ஆனால் கோதுமையும் புழங்கும் ஆலையில் சிறு கவனக்குறைவு போதும். 2015 அக்டோபரில் அமெரிக்காவின் ஜெனரல் மில்ஸ் நிறுவனம், குளூட்டன் இல்லை என்று விற்ற சீரியோஸ் என்னும் காலை உணவுப் பெட்டிகள் சுமார் 18 லட்சத்தைத் திரும்பப் பெற்றது. ஆலையில் கோதுமை மாவு கலந்துவிட்டதுதான் காரணம். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதி.

நோயில்லாதவருக்கோ ‘குளூட்டன் ஃப்ரீ’ பிஸ்கட், பிரெட்டால் தனி நன்மை எதுவும் இல்லை. பலவற்றில் கோதுமைக்குப் பதிலாக மரவள்ளி, சோள ஸ்டார்ச்சும் கூடுதல் சர்க்கரையும் இருக்கும். சர்க்கரை நோய்க்கும் இது மருந்தல்ல.

ஒளிந்திருக்கும் கோதுமை

நோய் உறுதியானவர்கள் இங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். கடையில் வாங்கும் கூட்டுப்பெருங்காயம் பலவற்றில் மைதா கலந்திருக்கும். ரசத்தில் ஒரு சிட்டிகை போட்டாலும் வம்புதான். மால்ட் பானங்களில் பார்லி. ரவை, சேமியா பெரும்பாலும் கோதுமைதான். முக்கியமாக, அரவை மில்: முன்னால் வந்தவர் கோதுமை அரைத்த அதே இயந்திரத்தில் உங்கள் அரிசியைக் கொட்டினால், மாவில் அதுவும் சேரும். வீட்டிலேயே மிக்ஸியில் அரைத்துக்கொள்வது நல்லது.

சந்தேகம் இருந்தால்

நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குப் போகாதீர்கள். கோதுமை சாப்பிட்டுவரும் நாட்களில் எடுத்தால்தான் இரத்தப் பரிசோதனை சரியாகக் காட்டும். தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பி செய்வார்கள். ஜிப்மர் போன்ற மருத்துவமனையின் குடல்நோய் மருத்துவரிடம் முதலில் காட்டுங்கள். பாக்கெட் வாங்குவதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.