குழித்தறியும் முழங்காலும்

அருப்புக்கோட்டை நெசவாளர் தெருவில், குழித்தறியின் பள்ளத்தில் கால்களை இறக்கி, மிதிபலகையை மாறிமாறி அழுத்தும் பெரியவரைக் காண்போர், குறுக்கே பாயும் நாடாவை வியப்பார்களேயன்றி, அவருடைய முழங்காலுக்குள் ஓசையின்றி நிகழும் விசித்திரத்தைச் சிந்திப்பதில்லை.

முழங்காலைக் கதவுக் கீலுக்கு ஒப்பிடுவது பாதி உண்மையே. தொடையெலும்பின் உருண்ட முனை, கீழ்க்காலெலும்பின் ஏறக்குறையத் தட்டையான மேடைமீது அமர்ந்திருக்கிறது. திருச்சுழிப் பக்கத்துக் கரிசலில் களையெடுக்கக் குந்தும் பெண்ணின் காலில், அம்முனை பின்னோக்கி உருளுவதோடு நின்றுவிட்டால், மேடையின் விளிம்பைத் தாண்டியே போய்விடும். ஆதலால், உருளும்போதே அது முன்னோக்கி வழுக்கவும் செய்கிறது, மழைக்காலச் சேற்றில் சுழன்றும் நகராத லாரிச் சக்கரத்தைப்போல. லாரிக்காரருக்குச் சாபமான அவ்வழுக்கல் நம் சரீரத்துக்கு வரப்பிரசாதம்! பளிங்கனைய குருத்தெலும்பும், சில துளி மூட்டுத் திரவமும் அதனை உராய்வின்றி நடத்திவைக்கின்றன.

இவ்விரட்டை இயக்கத்தை ஜெர்மானியச் சகோதரர்களான வில்ஹெல்ம் வேபரும் எடுவர்ட் வேபரும் 1836-இல் மனித நடையைப் பற்றி வெளியிட்ட நூலில் விவரித்தனர்.

களை முடித்து அப்பெண் எழுந்து நிமிர்கையில், கடைசிக் கட்டத்தில் தொடையெலும்பு சற்றே உட்புறம் திருகி, மூட்டைப் பூட்டிவிடுகிறது. மறுபடி குந்த முற்படுகையில், முழங்காலின் பின்புறத்துச் சிறு தசையொன்று அப்பூட்டைத் திறக்கிறது.