கணினிக்குள் ஒரு கண்ணாடிக் குழாய்

இன்றைய பெரிய கேமிங் கணினிகளில் பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் மும்முரமாக ஓடும்போது, இரண்டும் சேர்ந்து 500 வாட்டுக்கு மேல் சூட்டைக் கக்கும். விசிறி மட்டும் போதாது என்று நினைப்பவர்கள் தண்ணீரைத் துணைக்கு அழைக்கிறார்கள். சிப்பின் மேல் உட்கார்ந்திருக்கும் செம்புக் கட்டிக்குள் பம்ப் தண்ணீரைத் தள்ளும். சூட்டை வாங்கிய நீர் ரேடியேட்டரில் ஆறித் திரும்பும்.

இந்தச் சுற்றுக்கு வளையும் ரப்பர்க் குழாயே தாராளம். விறைப்பான அக்ரிலிக் குழாய் போட்டால் சூடு கூடுதலாகக் குறைந்துவிடாது. முழுக்க முழுக்க அழகுக்காகத்தான் அது!

1933-இல் ஜெர்மனியில் பிளெக்ஸிகிளாஸ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த அதே பிளாஸ்டிக்தான் இது. இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் தலைக்கு மேல் கூண்டாக இருந்தது. தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 92 சதவீதத்தைக் கடத்திவிடும்.

வேலை முழுவதும் வளைப்பதில் இருக்கிறது. முதலில் குழாய்க்குள் சிலிக்கோன் கயிற்றை நுழைக்க வேண்டும். இல்லாவிட்டால் வளைவு நசுங்கிவிடும். பிறகு ஹீட் கன் முன்னால், அடுப்பில் கத்தரிக்காய் சுடுவதுபோல, விடாமல் உருட்டிக்கொண்டே காட்ட வேண்டும். அக்ரிலிக் 105 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகத் தொடங்கும். கைக்கு வளைய இன்னும் சூடு வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே குமிழ்கள் கிளம்பும், அந்தத் துண்டு வீண். போதிய சூடேறாமல் மடக்கினாலோ பட்டென்று முறியும். பெட்ஜி என்ற இன்னொரு பிளாஸ்டிக் 80 டிகிரியிலேயே இளகும். பழகுபவர்களுக்கு அது சுலபம். ஆனால் பம்ப் நின்று தண்ணீர் கொதிநிலையை நெருங்கினால், முதலில் தொய்வதும் அதுதான்.

அறுக்க நுண்பல் ரம்பம் நல்லது. அறுத்த விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துப் பிசிறு நீக்காமல் ஃபிட்டிங்கில் செருகினால், உள்ளிருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் கீறுபடும். கசிவு பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஆல்கஹாலால் துடைப்பது கூடாது. வளைத்த இடத்தில் மயிரிழை விரிசல்கள் விழும்.

எல்லாம் பூட்டியதும், மதர்போர்டுக்கு மின்சாரம் கொடுக்காமல் பம்பை மட்டும் ஓட்டி, மூட்டுகளுக்கு அடியில் டிஷ்யூ தாள் விரித்துச் சில மணி நேரமாவது பார்ப்பது வழக்கம். பொறுமைசாலிகள் ஒரு நாள் முழுக்க ஓட விடுவார்கள்.

கிராஃபிக்ஸ் கார்டை மாற்றினால் பழைய குழாய்கள் பெரும்பாலும் பொருந்தாது. நீரை வடித்து, புதிதாக அளந்து வளைக்க வேண்டும். அடிக்கடி உதிரிபாகம் மாற்றுகிறவர் என்றால் ரப்பர்க் குழாயோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.