மஞ்சவாடி ஏற்றத்தில் கேட்கும் ‘டக் டக்’

சேலத்திலிருந்து அரூர் போகும் சாலையில் மஞ்சவாடி கணவாயைத் தாண்டினால் பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரம். இந்த ஏற்றத்தில் கார் திணறும்போது பானட்டுக்குள் ‘டக் டக்’ என்று கேட்டால், பலரும் டேப்பெட் சத்தம் என்றே நினைக்கிறார்கள். எக்ஸாஸ்ட் கேஸ்கெட் போயிருக்கவும் வாய்ப்புண்டு.

என்ஜின் ஹெட்டும் புகை வெளியேறும் மேனிஃபோல்டும் சேருமிடத்தில் இருக்கும் மெல்லிய தகடு அது. பல நூறு டிகிரி சூட்டில் விரிந்து, ஆறும்போது சுருங்கிச் சுருங்கி ஒருநாள் விட்டுப்போகிறது.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் சத்தம் பலமாக இருந்து, இரும்பு சூடேறி விரிந்ததும் குறைந்தால் சந்தேகம் வலுக்கும். இணைப்பின் ஓரம் கரி படிந்திருந்தால் கிட்டத்தட்ட உறுதி. கசிவு வழியே காற்று புகுந்தால் ஆக்சிஜன் சென்சார் தவறாகக் கணக்கிட்டு, பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்க வைக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. காருக்குள் புகுந்தால் உயிரையே வாங்கும். கேஸ்கெட் மாற்றுவதைத் தள்ளிப்போடவே கூடாது.

மாற்றும்போது என்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். துருப்பிடித்த நட்டுகளில் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட வேண்டும். அவசரப்பட்டு முறுக்கினால் நட்டு ஏறியிருக்கும் ஸ்டட் உள்ளேயே ஒடியும். அப்புறம் செலவு எகிறும். பழைய கேஸ்கெட்டின் பிசிறைச் சுரண்டி எடுத்து, மேனிஃபோல்டு வளைந்திருக்கிறதா என்று நேர்ச்சட்டம் வைத்துப் பார்ப்பது அவசியம். வளைந்திருந்தால் புது கேஸ்கெட்டும் தாங்காது. புது கேஸ்கெட்டை வைத்தபின், கம்பெனி வேறு வரிசை சொல்லாவிட்டால், நட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு, டார்க் ரெஞ்சால் படிப்படியாக இறுக்குவதே வழக்கம்.

முதல் ஸ்டார்ட்டில் ஒட்டியிருக்கும் எண்ணெய் கருகிக் கொஞ்ச நேரம் புகையும். வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்திப் பார்ப்பது நல்லது.